வரிசையில் நிற்கும் கட்டளை

1983-இல் மலேசியாவின் ஈப்போ நகரில் இருந்த தோட்டக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் வைத்த பிறகு, அதில் எதைத் தட்டினாலும் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் அது தானாகவே நடந்தது. ரப்பர் மரம் சீவச் சொன்னால் கத்திகள் ஆளில்லாமல் மரம் மரமாகப் போய்ச் சீவின; வாளிகள் பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு நடந்தன. அந்த வருஷம் ரப்பர் விலை பரவாயில்லை. வேலை போன சனங்கள் தாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்து வாசலில் உட்கார்ந்து வாளிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுவருஷம் ஒரு திங்கட்கிழமை, லயத்தை இடிக்கும் கட்டளையைச் சனிக்கிழமை தாமே தட்டப்போவதாக மானேஜர் அறிவித்தார். ஒருமுறை தட்டியதை யாராலும் அழிக்க முடியாது.

ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த பெட்ரீசியாவின் அம்மா இசபெல்லா அந்த லயத்தில்தான் குடியிருந்தாள். பெட்ரீசியா ஈப்போவிலேயே புந்தோங்கில் அறை எடுத்துத் தங்கி, சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்றன்று படித்ததை டைரியில் எழுதி, பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போட்டுவைப்பாள். சில மெஷின்கள் ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்ததைத் தொடும், சில மெஷின்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளப்பிவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் மெஷின் காத்திருக்கும் ரகமாக இருந்தால், முடியாத வேலை ஒன்றை முன்னால் போட்டு அம்மாவின் வீட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று அவளுக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை, வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட அடிக்கும் பெரட்டு மணியை அடிக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொன்னாள். மணி அடித்தது, தொட்டியும் நிறைந்தது. எந்த ரகமாக இருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. மறுநாள் தொட்டியை முன்னாலும் மணியைப் பின்னாலும் போட்டாள். அது நிரம்ப அரை நாள் ஆகும். தோட்டத்துக் கடையிலிருந்து அண்ணன் அலெக்சாண்டர் போன் செய்தான்.

“மணி எப்ப அடிச்சிச்சு அண்ணே? தொட்டி ரொம்புறதுக்கு முன்னாலயா?”

“ரொம்பி வழிஞ்ச பொறவுதான் லா. அது கெடக்கட்டும், பெரட்டு மணி கேட்டதும் அம்மாவும் மத்தவங்களும் வேலையே இல்லாம வந்து வரிசையில நின்னுட்டாங்க. பேரு கூப்பிட ஆளில்ல. நான்தான் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்புனேன்.”

“தொட்டிய நல்லா பார்த்தீங்களா?”

“என் சட்டை நனைஞ்சிருக்கு. போதுமா?”

போதவில்லை. வியாழக்கிழமையும் சோதித்தாள், அன்றும் சனங்கள் வந்து நின்றார்கள்.

சனிக்கிழமை மானேஜர் வருவதற்குள், பெரட்டுத் திடலில் ஓர் இலைகூட இல்லாமல் போகும்வரை கூட்டு என்று தட்டினாள். திடலைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள். பிறகு வந்து இடிக்கச் சொன்ன மானேஜர், “என்ன இது, ஒண்ணுமே நடக்கல?” என்றார்.

“வரிசையில இருக்கு சார்” என்றாள் பெட்ரீசியா.

மரம் சீவும் கட்டளைகளும் அதற்குப் பின்னால் போய் நின்றன. பால் வராமல் போகவே, கம்பெனி பழைய ஆட்களையே திரும்ப எடுத்தது. அவர்கள் குடியிருக்க லயமும் தேவைப்பட்டது. மெஷினின் பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தார்கள். விளக்குமாறு நிற்கவில்லை. மானேஜர்கள் மாறினார்கள், ரப்பர் விலை ஏறி இறங்கியது. விடியற்காலையில் பேர் கூப்பிடும்போது விளக்குமாறு காலருகே வந்தால், சனங்கள் பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கி வழிவிட்டார்கள்.

“மூலைய விட்டுட்டே போவுது இது” என்று இசபெல்லா ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டு தானே கூட்டப் போனாள். லீவுக்கு வந்திருந்த பெட்ரீசியா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். அதன் பிறகும், என்றாவது கூட்டி முடிந்துவிடுமோ என்ற சந்தேகம் பெட்ரீசியாவுக்குத் தீரவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு கைச் சருகை அள்ளித் திடலில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள். விளக்குமாறு திரும்பி வந்து, கோபமில்லாமல், அதையும் கூட்டிக்கொண்டு போனது.