சிவப்பில் வந்தால் அழித்துவிடு

கணினி திடீரென்று அலறியது. மிகைப்படுத்தவில்லை, அலறல்தான், தீயணைப்பு வண்டி தெருவில் போகுமே, அந்தச் சத்தம். திரை முழுக்க ரத்தச் சிவப்பு. நடுவில் ஓர் ஆச்சரியக்குறி துடித்துக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தது: "உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. அணைக்காதீர்கள். அணைத்தால் எல்லாக் கோப்புகளும் அழியும். உடனே இந்த எண்ணை அழையுங்கள்."

நான் செய்த பாவம் என்ன? திரைச்சீலை தைப்பது என் தொழில். ஒரு வீட்டு ஜன்னலுக்கு மடிப்பு வைக்க மாதிரிப் படம் தேடினேன். இலவசமாகத் தருகிறேன் என்று ஒரு பக்கம் கூப்பிட்டது, போய் அமுக்கினேன். இலவசம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அது வேறு விஷயம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு எந்தப் பெட்டியாக இருந்தாலும் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அந்தப் பெட்டிக்குள்தான் அவருடைய குரல் இருந்தது.

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். வண்டி தாமதம் என்பதைக்கூட நல்ல செய்தி மாதிரி சொல்லுவார். தாமதமான பயணிகளே நின்று கேட்பார்கள். அப்படிப்பட்ட தொண்டையில்தான் புற்றுநோய் வந்து உட்கார்ந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, துளையில் ஒரு சின்னக் குழாய், அந்த வழியாகத்தான் மூச்சு. வாய் அசையும், சத்தம் வராது.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் என் கொழுந்தன் வந்தான். கப்பலில் ரேடியோ வேலை, கணினியில் புலி. அண்ணனை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்தான். பிறகு தானே ஒரு புரோகிராம் எழுதினான். எண்கள் மட்டும் உள்ள ஒரு சின்னக் கீபேட், கம்பி இல்லாதது. ஒன்றை அமுக்கினால் ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரில் அவர் குரலில் "ஆமா" என்று வரும். இரண்டு, "வேண்டாம்." மூன்று, "டீ கிடைக்குமா?" நான்கு, "ஏய், இங்க வா." ஏழு எங்கள் மகளுக்கு. அவள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவள் கூப்பிடும்போது போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து ஏழை அமுக்குவார்: "குட்டிம்மா, சாப்பிட்டியா கண்ணு?" மறுமுனையில் அவள் ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை அமுக்கச் சொல்லுவாள். ஒன்பதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது: "போதும், நிறுத்து." நான் புலம்ப ஆரம்பித்தால் ஒன்பது. பூஜ்யத்தில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" சாப்பாடு தாமதமானால் அது.

கீபேடைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வீடு முழுக்கத் திரிவார்.

ஆஸ்பத்திரியில் வேறு வழியும் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி, காற்றை விழுங்கி ஏப்பம் மாதிரி வெளியே விட்டுப் பேசலாம் என்று கற்றுக்கொடுத்தாள். த, ட, ப, க என்று தொடங்கும் சொற்கள் முதலில் வரும் என்றாள். அவருக்கும் ஒன்றிரண்டு வந்தன. கிணற்றுக்குள் தவளை கத்துவது போல இருந்தது. தன் காதால் அதைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. அடுத்த முறை அவள் வீட்டுக்கு வந்தபோது அவளைப் பார்த்து ஒன்பதை அமுக்கிவிட்டார். அத்தோடு சரி. எத்தனையோ கெஞ்சினேன். இரண்டை அமுக்கினார்.

அந்தக் குரலுக்குத்தான் இப்போது ஆபத்து. கொழுந்தன் நடுக்கடலில். கூப்பிட்டாலும் கிடைக்கமாட்டான். வீட்டுக்காரர் குளியலறையில். காலையில் கழுத்துக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது பெரிய வேலை. கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகச் செய்ய வேண்டும், அவசரப்படுத்தக்கூடாது. அலறல் கேட்டு அவர் அங்கிருந்தே எட்டை அமுக்கினார்: "என்ன சத்தம் அங்க?"

"ஒண்ணுமில்லைங்க, விளம்பரம்!" என்று கத்தினேன். பொய்தான். அவர் பயந்து கை நடுங்கிக் குழாயோடு விளையாடக்கூடாதே.

கீழ் வீட்டில் ஒரு ஃபோட்டோக்காரர். போன மழைக்காலத்தில் அவர் கணினியை யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். எத்தனையோ பேருடைய கல்யாணப் படங்கள், ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. கல்யாண வீட்டார் வந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கியதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன். சூடு பட்டவர், அவருக்குத் தெரியும் என்று போன் செய்தேன். கடையில் இருந்தபடியே எடுத்தார்; நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, முதல்ல அந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டீங்களா?"

"இல்லப்பா."

"நல்லவேளை. அது சும்மா பூச்சாண்டி. பிளக்கப் புடுங்கிட்டு மறுபடி போடுங்க."

"அணைச்சா எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கே!"

"அப்படித்தான் போடுவான். புடுங்குங்க."

பிளக்கில் கை வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேனே, அதே கைதான். கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினேன்.

மறுபடி போட்டதும் கணினி ஒன்றும் நடக்காதது போல எழுந்தது. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டி, "டீ வேணுமாங்க?" என்றேன். "ஆமா" என்று ஹாலிலிருந்து அவர் குரல் வந்தது. உயிர் திரும்பி வந்தது.

"அக்கா, அத்தோட விடாதீங்க," என்றார் இன்னும் போனில் இருந்த ஃபோட்டோக்காரர். "இந்தத் தடவை பூச்சாண்டி, அடுத்த தடவை நிஜமாவே வருவான். ஆன்டிவைரஸ் போட்டுடுங்க." எந்தக் கம்பெனியுடையது, அதன் சொந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். "போட்டதும் முழுசா ஸ்கேன் கொடுங்க. சிவப்பா எது வந்தாலும் யோசிக்காம அழிச்சிடுங்க. நான் யோசிச்சுத்தான் கெட்டேன்." யாரோ வாடிக்கையாளர் வந்துவிட்டதால் வைத்துவிட்டார்.

எதைப் போடுவதாக இருந்தாலும் என்னிடம் கேட்டுப் போடுங்கள் என்று கொழுந்தன் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். கடலில் இருப்பவனை எப்படிக் கேட்பது? அவன் கரைக்கு வருவதற்குள் திருடன் வந்துவிட்டால்? அதனால் நானே இறங்கினேன்.

இறக்கிக்கொண்டேன். திறந்தேன். இந்தப் புரோகிராம் உங்கள் கணினியில் மாற்றம் செய்யலாமா என்று கேட்டது. செய். ஒப்பந்தம் என்று முழ நீளத்துக்கு ஏதோ வந்தது. யார் படித்தார்கள், ஒப்புக்கொண்டேன். கூடவே இன்னும் இரண்டு புரோகிராம் இலவசமாக வேண்டுமா என்றது. இந்த முறை ஏமாறவில்லை, டிக்கை எடுத்துவிட்டேன். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிவுக்கு வந்தது. ஒரு கேடயம் படம் தோன்றி, "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்றது. என்னை யாரும் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆயிற்று.

ஸ்கேன் கொடுத்தேன். கோப்புகளின் பெயர்கள் கடகடவென்று ஓடின. எனக்கு ஒரு பழக்கம், எதைச் செய்தாலும் வாயால் சொல்லிக்கொண்டே செய்வேன். அதற்குத்தான் ஒன்பதாம் எண்ணே பிறந்தது. "பாதி முடிஞ்சிருச்சுங்க... ஒண்ணும் இல்ல... நம்ம கம்ப்யூட்டர் சுத்தம்தான் போல..."

அப்போது சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது.

"சந்தேகத்துக்குரிய புரோகிராம். தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை. விசைகளைக் கவனிக்கிறது. தடுத்து நிறுத்தப்பட்டது." கீழே அதன் பெயர்: ஏ, எஸ், டி, எஃப். இடது கை விரல்கள் கீபோர்டில் வரிசையாக உட்காருமே, அந்த நான்கு எழுத்து. மனிதன் வைக்கிற பெயரா அது? அப்படியானால் நிஜமாகவே ஒன்று உள்ளே இருந்திருக்கிறது! நாங்கள் தூங்கும்போதும் தின்னும்போதும் அவர் குரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் அமுக்குவதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"என்னங்க! வைரஸ் மாட்டிக்கிச்சு! ஏஎஸ்டிஎஃப்னு ஒண்ணு! அழிச்சிடவா?"

பதில் இல்லை.

எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் சொல்லும் எதற்கும் அவருக்கு மறுப்பு இருக்கும். குரல் இருந்தபோதும் சரி, பொத்தான் வந்த பிறகும் சரி, மறுப்பு இருந்தால் உடனே வந்துவிடும். வரவில்லை என்றால் சரி என்று அர்த்தம். அழி என்பதை அமுக்கினேன்.

இன்னொரு பெட்டி வந்தது. "நிரந்தரமாக அழித்தால் மீட்க முடியாது. உறுதியாகவா?"

அம்பைக் கொண்டுபோய் ஆம் மேல் நிறுத்தினேன். யோசிக்காதீர்கள் என்று ஃபோட்டோக்காரர் சொன்னது காதில் இருந்தது. விரல் இறங்கப்போனது.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

மனிதச் சத்தம் இல்லை அது. அடித்தொண்டையும் இல்லை, வயிறும் இல்லை. எதையோ கிழித்துக்கொண்டு வந்த சத்தம். பெட்டிக்குள் இருந்த அதுதான் பேசிவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். மவுஸைப் பாம்பு போல உதறினேன். ரத்தம் உறைந்து, திரும்பிப் பார்க்கவும் பயந்து, நாற்காலியைக் கட்டிக்கொண்டேன். சத்தம் மறுபடி வந்தது, இப்போது இன்னும் கிட்டத்தில். அதற்குள் ஒரு சொல் இருந்தது.

"தொ...டா...த!"

திரும்பினேன். அவர்தான். ஒரு கையில் கழுவிக்கொண்டிருந்த குழாய். கழுத்தில் வெறும் துளை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மார்பெல்லாம் ஈரம். இன்னொரு கையின் கட்டைவிரல் கீபேடில் இரண்டாம் எண்ணை அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏஎஸ்டிஎஃப் யார் என்று புரிந்துவிட்டது. கொழுந்தனுக்கு எதற்குமே பெயர் வைக்கச் சோம்பல். விரல் போன போக்கில் நாலு எழுத்தைத் தட்டிவிட்டிருக்கிறான். பதிவுகள் எல்லாவற்றையும் அந்த ஒரே கோப்புக்குள்தான் சுருட்டி வைத்திருக்கிறான். நகல் எடுப்பதை அடுத்த லீவுக்குத் தள்ளிப்போட்டிருந்தான். விசைகளைக் கவனிக்காமல் அது வேறு என்ன செய்யும், அதற்காகத்தானே பிறந்தது? அந்தக் குரலைத் தடுத்துவிட்டுத்தான், அந்தக் குரலிடமே நான் அழிக்கவா என்று கேட்டிருக்கிறேன்.

"ஐயோ, கொல்லப் பாத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒன்பது வரவில்லை. புலம்பலை நிறுத்த ஆளில்லாமல் நானே நிறுத்தினேன்.

அவர் குழாயை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உறுதியாகவா என்று திரையில் இன்னும் நின்ற பெட்டியில் 'இல்லை' என்பதை அமுக்கினார். மெதுவாகத் தேடினார். தடுத்துவைத்தவற்றை அடைக்கும் அறை ஒன்று அந்தப் புரோகிராமுக்குள் இருந்தது. அதில் ஒரே ஒரு கைதி. "திருப்பி அனுப்பு, இனி தடுக்காதே" என்று ஒரு வரி. அமுக்கினார்.

இரண்டை அழுத்தினார். சத்தமில்லை. ஒன்றை அழுத்தினார். சத்தமில்லை. பூஜ்யத்தை அழுத்தினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கும் தைரியம் இல்லை. மகள் அடுத்த முறை கூப்பிட்டால் என்ன சொல்லுவேன் என்று ஓடியது. அப்பா ஊமையாகிவிட்டார், நான்தான் ஆக்கினேன் என்றா?

கணினியை அணைத்துத் திரும்பப் போட்டார். அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. அவர் விரல் ஏழின் மேல் போய் நின்றது. அமுக்காமல் அப்படியே நின்றது. அவருக்கும் பயம். பிறகு அமுக்கினார்.

"குட்டிம்மா, சாப்பிட்டியா கண்ணு?"

வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். முதல் வேலையாக அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றி என் தையல் பெட்டிக்குள் வைத்தார். இன்னொன்றில் ஏற்றிப் பீரோவில் வைத்தார்.

மூக்கைச் சிந்திவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். "இவ்வளவு நல்ல குரலு, ஒரு ஆபத்துக்குக் கூட வரலை. அந்தத் தவளைதாங்க ஓடி வந்துச்சு. இன்னொரு தடவ பேசுங்க. எனக்காக."

இரண்டை அமுக்கினார். "வேண்டாம்" என்றது ஸ்பீக்கர், வெண்ணெய் மாதிரி.

"பயந்துட்டேன்தான், இல்லைங்கல. அந்தச் சத்தத்தைக் கேட்டு என் உயிரே போச்சு. ஆனா அது நீங்கதான்னு தெரிஞ்சதும் வந்த தைரியம் இருக்கே, அது இந்தப் பொட்டியால எனக்கு வந்ததே இல்ல. நாளைக்கு கரண்டு போனா என்ன பண்ணுவீங்க? மகளுக்கு அந்த ஒரே வாக்கியத்த எத்தனை நாளைக்குப் போட்டுக் காட்டுவீங்க?"

அவர் விரல் ஒன்பதுக்குப் போனது. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கயிற்றைத் தலை வழியாகக் கழற்றிக் கீபேடை மேஜையில் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வாயை மூடிக் காற்றை விழுங்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி விழுங்கினார். காது மடல் சிவந்துவிட்டது.

"டீ," என்றார்.

கரகரவென்று, அசிங்கமாக, பயங்கரமாக இருந்தது. "இதோ கொண்டாறேங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பால் பாத்திரத்தை வைத்த பிறகுதான், அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை என்று தெரிந்தது.