கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு 'நான்'

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, லிஃப்ட்டில் கிடைத்தது. எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே மூச்சை நிறுத்தியபோது உள்ளே இருந்தது இரண்டே பேர். வாராவாரம் கொலை செய்து பிழைக்கும் தொடர்கதைக்காரனான நான். மேல் வீட்டு மொழிபெயர்ப்பாளர் அம்மா. பூட்டிய பெட்டி, மினுக்கும் விளக்கு. என் தொடராக இருந்தால் இந்நேரம் ஒரு பிணம் விழுந்திருக்கும். அவரோ கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

"பயப்படாதீங்க சார். எனக்குப் பெட்டிக்குள்ள உக்காந்தே பழக்கம்."

"என்ன பெட்டி?"

கேட்டது தப்பாகப் போயிற்று. இதோ, எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் வரைவு:

*தூதரின் நீலக் கண்களில் ஈரமே இல்லை. சுருட்டை அணைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அந்த நகரமே ஒரு கணம்—*

அவர் கதை சொல்லச் சொல்ல, லிஃப்ட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அம்மா தலையை ஆட்டினார்.

"சுருட்டா? பாவம் சார், அவருக்கு அன்னைக்குச் செம ஜலதோஷம். மூக்கைச் சிந்திச் சிந்தி முகமே செவந்து கெடந்துது."

சுருட்டு போயிற்று. வில்லனும் போனான். எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: ஒரு காலத்தில் நம்மை ஆண்ட நாட்டின் தூதர், நகர மண்டபத்துக்கு வருகிறார். அவர்கள் ஆட்சியில், பஞ்சாலை வாசலில் கூலி உயர்வு கேட்டு நின்றவர்களைச் சுட்டார்கள். அதைப் பற்றி அவர் பேசப்போகிறார். பேச்சைத் தமிழாக்கப் போகிறவர் நம் மேல் வீட்டு அம்மா. முன்வரிசையில் உட்காரப்போகிறவர் அவருடைய அத்தை. சுடப்பட்டவர்களில் ஒருவரின் மகள்.

(மொழிபெயர்ப்பவருக்கே அத்தை என்றால் வாசகர் நம்புவாரா? என் பழைய ஆசிரியர் இருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பார். ஆனால் ஊர் சின்னது. அந்த மொழி படித்தவர்கள் அதைவிடச் சின்னக் கூட்டம்.)

3

அத்தை அதுவரை எந்த நினைவுக் கூட்டத்துக்கும் போனதில்லை. மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், காபி கொடுப்பார்கள் என்று ஒதுங்கியிருந்தவர். இந்த முறை தானே கேட்டாராம்.

"அவங்க வாயால மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வருமாடி? வந்தாச் சொல்லு, வர்றேன். அப்பாவுக்குப் பதிலா நான் கேட்டுக்குறேன்."

"வாங்க அத்தை. கிட்டத்தட்ட அப்படித்தான் வரும்னு சொல்லிட்டேன் சார்," என்றார் அம்மா. "கிட்டத்தட்ட! என் வாய்!"

ஏனென்றால் விழா அன்று காலையில் தூதரக உதவியாளர், நம்ம ஊர்ப் பையன்தான், வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றிருக்கிறான்.

"அக்கா, பேச்சுல 'வருத்தம்' இருக்கு. அது ஓகே வாங்கியாச்சு. 'மன்னிப்பு' மட்டும் வந்துடக் கூடாது. வந்துதுன்னா உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல."

(வருத்தம் நம்மிடம் மலிவு. டிவி நின்றால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று போடுவார்கள். யார் வருந்துகிறார் என்று எந்த வீட்டிலும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு வராத பெரியப்பாவும் வருத்தம் தெரிவிப்பார், சாப்பாடு மிச்சமான சந்தோஷத்தில் நாமும் ஏற்றுக்கொள்வோம். மன்னிப்பு அப்படியல்ல. அதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். கேட்பவர் கொஞ்சம் குனிய வேண்டும். கொடுப்பவர் 'மாட்டேன்' என்று சொல்லவும் இடம் வேண்டும்.)

4

இங்கே ஒரு தொழில் ரகசியம். கதை இதில்தான் திரும்புகிறது, கொட்டாவியைத் தள்ளிவையுங்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு மைக், ஒரு நாற்காலி, சுற்றாத ஒரு மின்விசிறி. மேடை மைக்கில் விழுவது அம்மாவின் காதுக்கு வரும். அம்மா பேசுவது காதுக் கருவி வழியாகக் கூட்டத்துக்குப் போகும். மொழிபெயர்ப்பவர் 'தூதர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. தூதர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கொலைகாரனுக்குப் பேசினாலும் 'நான்தான் கொன்றேன்'. அதுதான் விதி.

அத்தைக்கு இந்த விதி யாரும் சொல்லவில்லை.

5

தூதர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அத்தையின் காதுக்குள் தன் மருமகளின் குரல் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல, கேட்டது:

"அன்று இங்கே நடந்தவற்றுக்காக நான் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறேன்."

காதில் கருவி மாட்டியவர்களுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. அத்தை எழுந்து, பின்னால் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, மேடை மைக்கிலும் விழும்படி மண்டபம் அதிரக் கேட்டார்:

"நீ எதுக்குடி வருத்தப்படுற? நீ என்னடி பண்ணினே?"

கூட்டம் சிரித்தது. தூதர் சிரிக்கவில்லை, அவருக்குப் புரியவில்லை. கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். மண்டபத்தில் கேட்டது எதுவானாலும் அவருக்கும் போய்ச் சேர வேண்டும். அம்மா அவருடைய மொழியில் சொன்னார்:

"நீங்கள் எதற்காக வருத்தப்படுகிறீர்கள்? நீங்கள் என்ன செய்தீர்கள்?"

நான் லிஃப்ட்டுக்குள் குதிக்காத குறை. "வேணும்னேதானே செஞ்சீங்க?"

"ஐயோ, சொன்னதைத்தான் சார் சொன்னேன். ஒரு எழுத்துகூடச் சேர்க்கல. ஒரே ஒரு எழுத்து விழுந்துபோச்சு, 'டி'. அந்த மொழியில அது கெடையாது. நான் என்ன பண்றது?"

தூதர் பிறந்ததே அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு. 'நீ என்ன செய்தாய்?' என்பது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? 'உன்மேல் தப்பில்லை, போ' என்றா? அல்லது யாரும் அவரிடம் அதுவரை நேராகக் கேட்காத கேள்வியாகவா?

அவர் பேச்சுத்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். உதவியாளர் பையன் கையைப் பிசைந்தான். தூதர் மைக்கை விட்டு விலகி மேடையிலிருந்து இறங்கினார். அத்தை எதிரே வந்து நின்றார். குனிந்தார். என்னவோ சொன்னார்.

மைக் இல்லை. பெட்டிக்குள் ஒரு சத்தமும் வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய குனிந்த முதுகு, கைக்குட்டையை இறுக்கிப் பிடித்திருந்த கை.

அத்தைக்கு அந்த மொழி தெரியாது. அவர் மெல்லத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். 'என்னடி சொல்றாரு?'

"நான் வாயைத் தொறந்தேன் சார்—"

லிஃப்ட் நகர்ந்துவிட்டது.

6

தொடர்கதைக்காரனுக்குக்கூட இப்படி ஒரு 'தொடரும்' அமையாது. கதவு திறந்ததும் போன் அடிக்க, அம்மா பேசிக்கொண்டே போய்விட்டார்.

துப்பறிந்தேன். அன்று மண்டபத்தில் இருந்த மூவரைப் பிடித்தேன். ஒருவர் 'மன்னிப்பு' என்று கேட்டதாகச் சத்தியம் செய்தார். ஒருவர் 'வருத்தம்'தான் என்றார். மூன்றாமவர் கருவியில் பேட்டரி போய்விட்டதாம். கடைசியில் மேல் வீட்டுக் கதவையே தட்டினேன்.

"அது அத்தை காதுக்குச் சொன்னது சார்," என்றார் அம்மா. கோபமில்லை. "வேலை போச்சா இல்லையான்னு வெச்சுக் கண்டுபிடிக்கப் பாக்காதீங்க. அதுக்கப்புறம் நானே அந்த வேலைக்குப் போறதில்ல."

ஆக, நானே எழுதிப் பார்த்தேன்.

(அ) *"நான் மன்னிப்புக் கேட்கிறேன்," என்றது அந்தக் குரல். அத்தை தூதரின் தலையில் கை வைத்து—* கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் அவர் சொல்லியிராவிட்டால்? ஒரு நாடு குனிய வேண்டிய இடத்தில் நம்ம வீட்டுப் பெண்ணையே குனிய வைத்ததாகிவிடும்.

(ஆ) *"நான் வருந்துகிறேன்." அத்தை கருவியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திருப்பிக் கொடுத்தார்.* சரியாக இருக்கிறது. அந்தக் குனிந்த முதுகைப் பற்றிக் கேட்ட பிறகு எழுதக் கை வரவில்லை.

(இ) *"அத்தை, அவர் சொன்னது எனக்குக் கேக்கல. நீங்க அவர் முகத்தைப் பாத்தீங்கல்ல, நீங்களே—*

இது நியாயம். ஆனால் இத்தனை வருஷம் காத்திருந்தவரிடம் இதைச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். எனக்கில்லை.

என் கொலைகாரர்களை எல்லாம் நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் உங்களிடம் விடுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். விசிறி சுற்றாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. தூதர் இன்னும் நிமிரவில்லை. அத்தை உங்களைத்தான் பார்க்கிறார்.

விதி ஞாபகமிருக்கட்டும். 'நான்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.