மாட்டுக் கொழுப்பும் ஸ்டியரிங் கேபிளும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் புருஷன் எவாரிஸ்தோ அதற்கு நேர் எதிர். கூடமே இடிந்து தலையில் விழுந்தாலும் தன் காலைத்தான் குறை சொல்வான்.

குளிர் தொடங்கியதிலிருந்து எங்கள் படகின் ஸ்டியரிங் அவன் கைக்கு மசியவில்லை. போன வருஷம் தோளில் ஆபரேஷன் ஆனவன். மாதக்கணக்காக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று போட்டு உடைத்தான்.

"கையில பலம் போயிடுச்சு, கிழவி. படகை வித்துடலாம். கரைக்குப் போய் மக வீட்டுப் பக்கத்துல இருந்துக்கலாம்."

உல்லாசமாகச் சுற்ற வாங்கிய படகுதான். ஆனால் பரானா ஆற்றுத் தீவில் இருப்பவர்களுக்குப் படகுதானே கால்? அதை விற்பது வீட்டை விட்டுப் போவதுதான். எனக்குப் போக இஷ்டமில்லை. அவனுக்கும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ஒரே குடுவையில் மாறி மாறி மாத்தே இலைத் தேநீர் குடிக்க உட்கார்ந்தால் முதல் சுற்றிலேயே "நன்றி" என்று குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். எங்கள் பக்கம் நன்றி சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம். கெட்டில் காலியாகும்வரை எழுந்திருக்காத மனுஷன்!

ஞாயிற்றுக்கிழமை படகைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. முந்தின நாள் காலை அதைக் கழுவப் போனேன். ஸ்டியரிங்கைத் துடைக்கிற சாக்கில் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். ம்ஹூம். கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுகிறவள் நான்! சந்தேகம் வந்து, பின்னால் போய், ஸ்டியரிங்கிலிருந்து மோட்டாருக்கு வரும் கேபிளின் முனையைக் கழற்றிவிட்டேன். மோட்டார் ஒரு விரலுக்குத் திரும்பியது. கேபிள் முனையில் வெள்ளையாக ஏதோ உறைந்து கிடந்தது.

"யோவ் கிழவா! இங்க வா!"

வந்தான்.

"கேபிள் செத்துக் கிடக்கு, நீ உன் கையைத் திட்டிக்கிட்டு இருக்கே. இதுல என்னத்தய்யா தடவினே?"

தலையைச் சொறிந்தான். "கிரீஸ் தீந்துபோச்சு. அடுப்படியில மாட்டுக் கொழுப்பு இருந்துச்சு, அதான்..."

"அடப்பாவி! இந்தக் குளிர்ல அது மெழுகா உறையாதா? அதுல நாலு தோர்த்தா ரொட்டி பொரிச்சிருந்தா வயித்துக்காவது ஆகியிருக்கும்!"

கொழுப்பு மட்டுமில்லை. கேபிளின் உறை வெடித்து, உள்ளே துருவும் ஏறியிருந்தது. பயணிகள் படகில் கரைக்குப் போய் அதே நீளத்தில் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். பழையதன் முன் நுனியில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி, பின்பக்கமாக உருவினேன். கயிறும் கூடவே வந்தது. அதில் புதுக் கேபிளைக் கட்டினேன். முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு அவன் இழுக்க வேண்டும்.

"இழு!"

"இழுக்கிறேன்டி, கத்தாதே!"

பாதியில் சிக்கியது. எட்டிப் பார்த்தேன். ஆபரேஷன் ஆன கையால் இழுத்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து மெல்லத் தள்ளிக் கொடுத்தேன். சர்ரென்று போய்விட்டது.

இரண்டு முனையையும் மாட்டி, இந்தத் தடவை நிஜமான கிரீஸ் தடவினோம். அவன் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் ஒரு விரலை வைத்தான். இடது. வலது. மறுபடி இடது. பின்னால் மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்டது. அவன் கண் கலங்கியது. என் கண் மட்டும் என்ன, கல்லா?

கெட்டிலைக் கொண்டுவந்து மாத்தே ஊற்றி நீட்டினேன்.

"நாளைக்கு வர்றவன்கிட்ட என்ன சொல்ல?"

கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினான். குடுவையை என்னிடம் நீட்டினான். நன்றி சொல்லவில்லை.

நான் மறுபடி ஊற்றினேன்.