மூன்றாவது இறக்கம்

அப்பா இறந்துபோன செய்தி வந்தபோது ஸ்ரீவிஷ்ணு உப்பாறைப் பொத்தையின் உச்சியில், சைக்கிளைப் பிடித்தபடி, தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டிக் கிழக்கே வந்தால், வயலுக்கு நடுவே திடீரென்று கிளம்பி நிற்கும் பாறைக் குன்று அது. காட்டோடு சேராத பட்டா நிலம். விராலிச் செடியும் உடைமரமும் தவிர அங்கே ஒன்றும் முளைப்பதில்லை. அதில் சில ஒற்றையடித் தடங்களை வெட்டிச் சரிசெய்து, திருநெல்வேலி சைக்கிள்காரர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்டியூரோ பந்தயம் வைத்திருந்தார்கள். மலைச் சைக்கிள் பந்தயத்தில் அது ஒரு வகை. ஏறுவதற்கு நேரக் கணக்கு கிடையாது. பேசிக்கொண்டே ஏறலாம், முடியாவிட்டால் தள்ளிக்கொண்டும் ஏறலாம். இறங்குவதற்கு மட்டும்தான் கணக்கு. ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு இறங்கவேண்டும். நாலு தடம், நாலு இறக்கம். நாலையும் கூட்டி யாருக்கு நேரம் குறைவோ அவர் ஜெயித்தவர்.

இதை முதல் தடவை அப்பாவிடம் விளக்கியபோது அவர் நெற்றியைச் சுருக்கினார். அப்பா வெங்கடசுப்பிரமணியன் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏர்றதுக்கு மார்க் கிடையாதா? எறங்கறதுக்குத்தான் மார்க்கா? விசித்திரமான்னா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் ஒன்றும் கேட்டதில்லை. ஸ்டாண்ட் இல்லாத சைக்கிளை எந்தச் சுவரில் சாய்ப்பது என்பதில் மட்டும் அடிக்கடி கோபித்துக்கொள்வார்.

ஸ்ரீவிஷ்ணுவுக்கு முப்பத்தோரு வயது. ஊரடங்கு சமயத்தில் சென்னையிலிருந்து கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு வந்தவன், அங்கிருந்தே கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டான். பயந்த சுபாவம். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விரல் வலிக்கிற வரை பிடித்துக்கொண்டே வருவான். இதற்கு முன் இரண்டு பந்தயங்களில் கலந்துகொண்டு, இரண்டிலும் கடைசிக்குச் சற்று முன்னால் வந்திருந்தான். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அன்று விடிகாலையில் கிளம்பும்போது அப்பா கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ வருவே?"

"சாயங்காலம் ஆயிடும்ப்பா."

"சரி."

பேச்சு அவ்வளவுதான்.

முதல் இரண்டு இறக்கங்களையும் வழக்கம்போல் பத்திரமாக முடித்துவிட்டு மூன்றாவதற்கு ஏறி வந்திருந்தான். போனை, விழுந்தால் உடையும் என்று, அடிவாரத்தில் முகம்மது மைதீனின் காரில் வைத்திருந்தான். மைதீன் மேலப்பாளையத்துக்காரன், கூடச் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிற சிநேகிதன். கொஞ்ச நாளைக்கு முன் விழுந்து தோள் எலும்பு முறிந்து சேர்ந்திருந்தது. கார் ஓட்டலாம், சைக்கிள் இப்போது கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பந்தயம் நடத்துகிறவர்களுக்கு ஒத்தாசையாகக் கீழே நின்றான்.

உச்சியில் ஆட்களை ஒவ்வொருவராக விடுகிற பொறுப்பு தாணுமாலையனுடையது. அம்பாசமுத்திரத்தில் டயர் கடை வைத்திருப்பவர். அவர் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. காற்று பலமாக இருந்ததால் சத்தத்தை முழுக்கத் திறந்து வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, விஷ்ணு மேல வந்துட்டானா?" மைதீனின் குரல். "அவன்ட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க அப்பா தவறிட்டாங்க. அக்கா போன் போட்டாங்க. உடம்புக்கு முடியலன்னு மட்டும் சொல்லி, பைய இறக்கி விட்ருங்க."

தாணுமாலையன் வாக்கிடாக்கியை நெஞ்சோடு சேர்த்து அமுக்கினார். ஸ்ரீவிஷ்ணு அவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றான்.

"தம்பி..."

"கேட்டுது அண்ணாச்சி."

"இங்கன உக்காருங்க. தண்ணி குடிங்க."

குடித்தான். தண்ணீர் வெயிலில் கிடந்து சுட்டது. அது தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"ஏறுன பாதையிலயே இறங்கிருவோம். நானும் கூட வாரேன். சைக்கிள் இங்கன கெடக்கட்டும்" என்றார் தாணுமாலையன்.

"அதுலே எவ்வளவு நேரமாகும்?"

"முக்கா மணி நேரம் ஆவும். ஆளுவ ஏறி வாராங்கல்லா, ஒதுங்கி ஒதுங்கித்தான் போணும்."

"இதுலே போனா அஞ்சு நிமிஷம்."

"தம்பி, மனசு சரியில்லாத நேரத்துல அதுல போகக்கூடாது."

"போயிடறேன் அண்ணாச்சி."

அவன் குரல் சாதாரணமாக இருந்தது. அந்தக் குரலைக் கேட்டபிறகு எப்படித் தடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. பின்னால் யாரையும் கொஞ்ச நேரத்துக்கு விடுவதில்லை என்று மட்டும் சொன்னார். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் கோட்டுக்கு வந்தான். கைப்பிடியில் கட்டியிருந்த நேரக் கருவி கோட்டைத் தாண்டும்போது கீச்சென்றது. அதைக் கழற்றவேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

முதல் வளைவில் பிரேக்கைத் தொட்டான். இரண்டாவதில் தொட்டோமா என்று நினைவில்லை. இந்தத் தடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை மேடு உண்டு. அதன் விளிம்பிலிருந்து சைக்கிளோடு குதிக்கவேண்டும், இல்லையென்றால் இடதுபுறம் சுற்றிக்கொண்டு வரவேண்டும். முந்தின நாள் பழகும்போது மூன்று தடவையும் சுற்றித்தான் வந்தான். இன்று சக்கரம் நேராகப் போயிற்று. தரை கீழே நழுவி, திரும்ப வந்து சேர்ந்தது. கைகள் அதிர்ந்தன. அவை வேறு யாருடைய கைகளோ போலிருந்தன. பயம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. ஓர் உடைமரத்தின் தூர் வலது கையை உரசிக்கொண்டு போனது. கையுறை கிழிந்தது. வலிக்கவில்லை.

'அப்பா போயிட்டார்' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். அந்த வார்த்தைகளும் கல் மாதிரி, செடி மாதிரி, ஓரமாகக் கடந்துபோயின.

அடிவாரத்துக்கு முன்னால் கொஞ்ச தூரம் சமதரை. வந்த வேகத்திலேயே உருண்டு முடிவுக் கோட்டைத் தாண்டிவிடலாம். அங்கே அவன் எழுந்து நின்று மிதித்தான். தொடை எரிய, மூச்சு இரைக்க, முழு பலத்தோடு மிதித்தான். விஷயம் தெரியாத யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள்.

மைதீன் ஓடிவந்து, சைக்கிளோடு சேர்த்து அவனைக் கட்டிக்கொண்டான். "நீ ஏம்லே இதுல வந்த?" என்றான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சைக்கிளை யாரிடமோ கொடுத்துவிட்டு அவனைக் காரில் ஏற்றினான்.

போகும் வழியில் மைதீன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். கோவிலுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது சரிந்துவிட்டார். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதே உயிர் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து அக்கா ஹம்ஸினி வந்து சேர்ந்து, தம்பியின் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு மைதீனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"சரி" என்றான் ஸ்ரீவிஷ்ணு. ஜன்னலுக்கு வெளியே நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இயந்திரமும் அதன் பின்னால் கொக்குகளும்.

வீட்டுக் கூடத்தில் அப்பாவைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். முழங்கால் கவசமும் புழுதியுமாக அவன் உள்ளே வந்து நின்றதைப் பார்த்து அம்மா சீதாலக்ஷ்மி வாய்விட்டு அழுதாள். யாரோ அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேஷ்டியோடு வந்து உட்கார்ந்தான். தர்ப்பை மோதிரத்தைப் போட, சடங்கு செய்துவைக்க வந்த வாத்தியார் கையைப் பிடித்தபோது, மோதிர விரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது.

"கையிலே என்னடா?"

"மரத்திலே பட்டுது."

வாத்தியார் பவித்திரத்தை அவிழ்த்துப் பெரிதாக முடிந்து போட்டார். சொன்ன மந்திரத்தைச் சொன்னான், காட்டிய இடத்தில் அரிசி போட்டான், ஆற்றங்கரையில் நெருப்பு வைத்தான். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. "அழுதுடுடா, அடக்கி வெச்சுக்காதே" என்று சித்தப்பா முதுகைத் தடவினார். அடக்கி வைத்துக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சில நாள் கழித்து மைதீன் சைக்கிளைக் காரில் போட்டுக்கொண்டு துக்கம் கேட்க வந்தான். அம்மாவும் ஹம்ஸினியும் கூடத்தில் இருந்தார்கள். அம்மா அவனிடம், "பாவம், போட்டியையும் பாதியிலே விட்டுட்டு வந்தான்" என்றாள்.

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தான் மைதீன். "பாதில விட்டாலும் விஷ்ணு பேரு வாங்கிட்டாம்மா. மூணாவது எறக்கத்துல அவ்வளவு பேருல இவன்தான் ரெண்டாவது. எல்லாரும் அதத்தான் பேசுதாங்க."

ஹம்ஸினி நிமிர்ந்தாள். "மூணாவதா? மூணாவதுக்கு மேலே நிக்கறச்சேதானே சேதி சொன்னதாச் சொன்னேள்?"

மைதீனுக்கு அப்போதுதான் உறைத்தது.  கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் எழுந்து போனான்.

கொல்லையில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள் ஹம்ஸினி. ஸ்ரீவிஷ்ணு அங்கே போய் நின்றான்.

"தெரிஞ்சப்புறமா ஓட்டினே?"

"ஆமா."

"கீழே வரணும், வந்தே. சரி. அதுக்கு ரெண்டாவதா வரணுமோ?"

அவன் யோசித்தான். பொய் சொல்லும் அளவுக்கு எதுவும் முக்கியமாகப் படவில்லை. "கடைசியிலே சமதரை, அக்கா. மிதிக்கவே வேண்டாம். நான் மிதிச்சேன்."

"ஏன்டா?"

"தெரியலே."

"ஆஸ்பத்திரி வாசல்லே அம்மாவைத் தாங்கிப் பிடிச்சுண்டு நிக்கறேன். நீ எங்கே இருக்கேன்னே தெரியலே. நீ அங்கே ரேஸ் ஓட்டிண்டு இருந்திருக்கே." அவள் குரல் உயரவில்லை. "இத்தனை நாள்லே ஒரு சொட்டு அழவும் இல்லே நீ."

துணிகளைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதிமூன்றாம் நாள் சுபச் சடங்கு முடிந்து பாளையங்கோட்டைக்குக் கிளம்பும்போது அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் பிறகு அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிட்டாள். அவன் எடுத்தால், "அம்மாகிட்டே குடு" என்பாள்.

அவன் வேலை பார்த்தான். சாப்பிட்டான். தூக்கம் நன்றாகவே வந்தது. பென்ஷன் ஆபீசுக்கும் பேங்குக்கும் அம்மாவை அழைத்துப்போனான். அப்பா இல்லாத வீடு அவனுக்கு, நாற்காலி இடம் மாறின வீடு மாதிரிதான் இருந்தது. அதில் அவனுக்கே வெட்கமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

சித்திரை பிறந்து ஒரு வாரம் போல ஆனபின் அம்மா தானாகவே கேட்டாள். "சைக்கிள் தூசி படிஞ்சு கிடக்கே, எடுக்கலையா?"

"ஒரு வருஷம் மலையேறப்படாதுன்னு சித்தப்பா சொன்னாரே."

"அது கோவில் இருக்கற மலைக்குடா. பொத்தையெல்லாம் மலையா? போயிட்டு வா." பிறகு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்குச் சீக்கிரம் வந்து சேர்ந்தியே, அது போதும் எனக்கு. ஹம்ஸி சொல்றதெல்லாம் மனசிலே வெச்சுக்காதே."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் தனியாகப் போனான். பொத்தையில் யாரும் இல்லை. உச்சியில் தண்ணீர் குடித்துவிட்டு அதே தடத்தில் இறங்கினான். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. வேகம் கூடியது. பாறை மேட்டின் விளிம்பு தெரிந்தது. கைகள் தாமாகவே பிரேக்கை இறுக்கின. பின்சக்கரம் வழுக்கி, சைக்கிள் ஒருபக்கமாகச் சாய்ந்து, பாறைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

எட்டிப் பார்த்தான். கீழே கூர்கூராகக் கல். இதிலா குதித்தோம்? சைக்கிளைப் படுக்கப் போட்டான். அங்கேயே உட்கார்ந்தான்.  அன்றைக்குக் கொஞ்சம் தவறியிருந்தால், அம்மா ஒரே நாளில் இரண்டு பேரைக் கூடத்தில் கிடத்தியிருப்பாள். இத்தனை நாளில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

இந்தத் தடவை போனைக் கொண்டுவந்திருந்தான். ஹம்ஸினிக்கு அடித்தான். வெகுநேரம் மணி அடித்தது.

"அம்மாவுக்கு என்ன?" என்றாள் பதறி.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லே. நான்தான்."

"என்ன?"

"பொத்தையிலே இருக்கேன். அன்னிக்கு வந்த வழியிலே. பயமா இருக்குக்கா. எறங்க முடியலே."

 அவள் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. யாரோ டிபன் பாக்ஸ் கேட்டார்கள்.

"விழுந்துட்டியா?"

"இல்லே. உட்கார்ந்திருக்கேன்."

"சைக்கிளைத் தள்ளிண்டு வா. ஓட்டாதே."

"சரி."

"போனை வைக்காதே. சட்டைப் பையிலே போட்டுக்கோ. எறங்கினப்புறம் சொல்லு."

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். பாறையைச் சுற்றிப் போகும் இடதுபுற வழியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கத் தொடங்கினான். பையிலிருந்து அவள் குரல் மங்கலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருந்தாள். நடுநடுவே, "வரியாடா?" என்று கேட்டாள். "வரேன்" என்றான். கீழே வந்து சேர வெகுநேரம் ஆனது.