செருகிவிட்டுத் தூங்குங்கள்

1
இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி நர்ஸ் ஒரு மின்சார கார் வாங்கினாள். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய் இருப்பவர்களைப் பார்க்கும் வேலை. ஷோரூம்காரன் சொன்னானாம்: "ராத்திரி வீட்டுல சார்ஜரச் செருகிட்டுத் தூங்குங்க மேடம். பெட்ரோல் செலவுல கால்வாசிகூட ஆகாது."

(வீடு என்றால் அவன் நினைப்பில் வாசலிலேயே கார் நிற்கும் வீடு. மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாம் வானத்தில் வசிக்கிறார்கள் போலும்.)

நான் தரைத்தளம். ஜன்னலோரம் மேசை போட்டு எழுதுகிறேன். அவள் கார் கண்ணெதிரிலேயே நிற்கிறது.

2
முதல் தொடக்கம்: "பனித்துளிகள் மின்ன, அந்த நீல நிறக் கார்..."

சீ, விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: கீழே கார் நிற்கும் இடத்தில் ஒரு பிளக் கேட்டவளிடம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையை விரித்தார்.

"உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டுமே சார். அதுக்குத்தானே சங்கம்?"

"கரண்டு வீணாப் போகும்மா."

இதைச் சொன்னவர், முற்றத்தில் யாரும் பார்க்காத நீரூற்றை இரவெல்லாம் ஓடவிடும் மகான்.

3
ஆக, அவள் கடைத்தெரு சார்ஜருக்குப் போகிறாள். அங்கே விலை வீட்டைப்போல ஐந்து மடங்கு. பழைய பெட்ரோல் காரே தேவலாம் என்றாகிவிட்டது. வரிசையில் நின்று நின்று வேலைக்கும் தாமதம். இன்னொரு முறை தாமதித்தால் வேலை போய்விடும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சொந்த வாசல் இருப்பவனுக்கு மலிவு, இல்லாதவளுக்குத் தண்டம். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்! யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

(செயலாளரை இன்னும் கேவலமாக்கலாமா? நாயை உதைப்பவராக... வேண்டாம். உள்ளபடியே போதும்.)

4
முடிவு ஒன்று: செயலாளர் மனம் திருந்துகிறார். தூ.

முடிவு இரண்டு: அவள் காரை விற்கிறாள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும், ஓசியில் கண்ணீர்.

மூன்றாவதை யோசிக்கும்போது கதவைத் தட்டினாள். அவளேதான்.

"என்னப் பத்திக் கதை எழுதுறீங்களாமே அண்ணா?"

"ஆமாம்மா. அந்த ஆளக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கேன்."

"சரிண்ணா. உங்க மேசைக்குப் பக்கத்துல பிளக் இருக்குல்ல? ஜன்னல் வழியா ஒரு ஒயர் விட்டுக்கட்டுமா? தனி மீட்டர் வெச்சு, ஆகுற காச நானே குடுத்துடுறேன்."

அந்த ஆளைக் கிழித்ததாகச் சொன்ன அதே வாயிலிருந்து வந்தது இது:

"உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும்..."

5
அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவள் இன்னும் வாசலில் நிற்கிறாள்.

என்ன முறைக்கிறீர்கள், வாசகரே? ரொம்ப யோக்கியர்தான் நீங்கள். உங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்பது யாருடைய கார்? போய்ப் பார்த்துவிட்டு வந்து, மிச்சத்தை நீங்களே எழுதுங்கள்.