காலேஜுக்கு டிக்கெட்

எங்கே போவதாக இருந்தாலும் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும் என்பது என் அப்பாவின் கொள்கை. ரயிலுக்கு அது சரி. சினிமாவுக்கும், ஹேப்பி வோர்ல்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் நடக்கும் மல்யுத்தத்துக்கும்கூட அப்படித்தான். முன்கூட்டியே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், காலி நாற்காலிகளுக்கு நடுவில் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்ததும் உண்டு. அதற்காக அவர் மனம் மாறவில்லை. "கூட்டம் இருந்திருந்தா?" என்று கேட்பார்.

ஆகவே, என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானதும் அவர் முதலில் யோசித்தது டிக்கெட்டைப் பற்றித்தான்.

வெளியிடத்தில் பார்க்கலாம் என்று கேட்டவள் நான். சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுக் கூடம் சின்னது. அங்கே காப்பித் தட்டோடு வந்து நின்றுவிட்டு அறைக்குள் திரும்பிப் போனால், மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. எனக்கோ ஒன்று கேட்டாக வேண்டும். சிராங்கூன் சாலைப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. பயிற்சி முடிந்து, வேலை நிரந்தரமாகி, மூன்றாம் வகுப்பை அந்த ஆண்டுதான் என்னிடம் கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் நான் அந்த வகுப்புக்குப் போகலாமா என்பதை, கட்டிக்கொள்ளப் போகிறவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லி அனுப்பியிருப்பேன். அம்மா இறந்து நாளாகிவிட்டது.

மாப்பிள்ளை பெயர் சுப்பிரமணியம். புருணையில் சீரியா என்ற ஊரில், எண்ணெய்க் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. விடுமுறையில் வந்திருந்தார். திங்கட்கிழமை கப்பல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அன்றைக்குப் பார்த்துப் பேச முடிந்தால் பேசிக்கொள், இல்லாவிட்டால் போட்டோவைப் பார்த்துப் பதில் சொல்லிவிடு, அவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

தூது நடந்தவர் முத்துசாமி மாமா. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளிக் குடியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மா மதராஸில் பிறந்து வளர்ந்தவர். எங்கே பார்க்கலாம் என்பதை அந்த அம்மாளே முடிவு செய்து சொல்லி அனுப்பினார்.

"நாலு மணிக்கு உயிர் காலேஜுக்கு வரச் சொல்றாங்க" என்றார் முத்துசாமி மாமா. அது என்ன இடம் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கப்பலுக்காக மதராஸில் தங்கியிருந்தபோது பார்த்திருக்கிறார். அங்கே மிருகங்களை வைத்துக் காட்டுகிற இடத்துக்கு உயிர் காலேஜ் என்று பெயராம். சிங்கப்பூர் டவுனில் அப்படி எது இருக்கிறது என்று யோசித்து, ரிவர் வேலி ரோட்டில் உள்ள மீன் காட்சி சாலைதான் என்று முடிவு கட்டினார். உயிரோடு நீந்துகிற மீன்கள், கண்ணாடித் தொட்டிகள், குளிர்ச்சியான இடம். ரத்தினம்மாவுக்கு நல்ல ரசனை என்று சொல்லி, வெள்ளிக்கிழமையே வேலை முடிந்து நேராக அங்கே போய்விட்டார். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் நூர்தீன் என்பவர் இருந்தாராம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்றைக்கே வேண்டும் என்று அப்பா கேட்டதும் அவர் சிரித்துவிட்டாராம்.

"அண்ணே, மீன் எங்கயும் ஓடிடாது லா. அன்னிக்கே வந்து வாங்கிக்கலாம்."

மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வரிசையில் நிற்க முடியாது என்று அப்பா பிடிவாதமாக நின்று, இரண்டு வீட்டாருக்கும் சேர்த்து வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் முத்துசாமி மாமாவும் நேரத்துக்கு முன்பே போய் வாசலில் நின்றோம். பிள்ளைகுட்டிகளோடு சீனக் குடும்பங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. கூட்டம் இருந்ததில் அப்பாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. சட்டைப் பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். நாலு மணி ஆயிற்று. நாலரையும் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. பேருந்து கிடைத்திருக்காது என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, நேரம் தவறுகிற குடும்பம் போலிருக்கிறது என்றார். அதற்குப் பிறகு டிக்கெட்டுகளை வெளியே எடுத்து எண்ணிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய வேளை நெருங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது.

முத்துசாமி மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். அமங்கலச் சொல் அவருக்கு ஆகாது; அவர் வாயில் விளக்கு அணையாது, குளிரும். அவர் வீட்டில் அரிசி தீர்ந்து போகாது, நிறைந்து போகும். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"மாமா, அந்தம்மா சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"அதான் சொன்னேனே, காலேஜ்."

"காலேஜுக்கு முன்னாடி என்ன சொன்னாங்க?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "நல்ல காரியத்துக்குப் போற வாயால அத எப்படிம்மா சொல்றது?"

"பரவால்ல. சொல்லுங்க."

"செத்த காலேஜ்னாங்க" என்றார், குரலே எழும்பாமல். "பொண்ணு பார்க்கிற விஷயத்துல செத்த கித்தன்னு எப்படிச் சொல்றது? அதான் உயிர்னு மாத்தினேன். ரெண்டும் காலேஜ்தானே?"

அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "யோவ், அது மியூசியம்யா. மதராஸ்ல மியூசியத்தத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

செத்த மிருகங்களைப் பாடம் செய்து வைத்திருக்கிற இடம், அதனால் செத்த காலேஜ். எங்கள் ஊர் மியூசியம் இருந்தது ஸ்டாம்ஃபோர்ட் ரோட்டில். நாங்கள் நின்ற ஃபோர்ட் கேனிங் மலைக்கு அந்தப் பக்கம். சுற்றிப் போனால் தாமதம் ஆகும், மலையேறி இறங்கினால் போய்விடலாம் என்றேன். அவர்கள் ஒருவேளை இங்கே தேடிக்கொண்டு வந்தால் யாராவது இருக்க வேண்டும் என்று சொல்லி அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார். அங்கே டிக்கெட் வாங்கிக்கொள்ளப் பணம் எடுத்துக் கொடுக்க வந்தார். மியூசியத்துக்கு டிக்கெட்டே கிடையாது என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியாது.

மலைப் பாதையில் பழைய வெள்ளைக்காரர்களின் கல்லறைக் கற்களைச் சுவரில் பதித்து வைத்திருந்தார்கள். முத்துசாமி மாமா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே நடந்தார். இறக்கத்தில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் உள்ளே போனேன்.

கூரையிலிருந்து திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு பெஞ்சில் ரத்தினம்மா கிளம்பும் தோரணையில் உட்கார்ந்திருந்தார். மகன் பக்கத்தில் நின்று, எலும்புகள் கம்பியில் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி.

நடந்ததை நான்தான் சொன்னேன். ரத்தினம்மா முத்துசாமி மாமாவைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்த, ஒரே வார்த்த. அதக் கொண்டுபோய்ச் சேக்கத் தெரியல. பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்கன்னு இல்ல நெனச்சேன்." அவர் திட்டி முடிக்கட்டும் என்று சுப்பிரமணியம் இரண்டடி தள்ளி வந்தார். கதவு சாத்த நேரமாகிவிட்டது என்று காவலாள் சைகை காட்டினான். சுற்றி வளைத்துப் பேச நேரமில்லை.

"நான் பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் பார்க்கணும்."

"சீரியாவுல தமிழ்ப் பள்ளிக்கூடம் நான் பார்த்ததில்லைங்க" என்றார். "அடுத்த வருஷம் என் காண்ட்ராக்ட் முடியுது. இன்னொரு தடவ போடலாம்னு இருந்தேன்."

"போட்டா?"

"போட்டா அங்க உங்களால வேலை பார்க்க முடியாது. போடலைன்னா நான் இங்க வந்து வேலை தேடணும். இப்பவே சரின்னு சொல்லிட்டு அப்புறம் மாத்திப் பேசக் கூடாது. யோசிக்கணும்."

நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. ஆனாலும் மலையேறி வந்தது வீண் என்று தோன்றவில்லை.

"யோசிங்க. அதுவரைக்கும் நானும் சரின்னு சொல்ல மாட்டேன்."

"நியாயந்தான்" என்றார். பிறகு கேட்டார்: "யோசிச்சு எழுதறதுன்னா பள்ளிக்கூடத்து விலாசத்துக்குப் போடலாமா?"

"வீட்டுக்கே போடுங்க. அப்பா பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாரு. பரவால்ல."

அவர் சிரித்தார். காவலாள் மணியை ஆட்டிக்கொண்டு வந்தான். அம்மாவும் மகனும் முன்னால் படியிறங்கிப் போனார்கள். முத்துசாமி மாமா என் பக்கத்தில் வந்து, முகம் மலர, அப்பாவிடம் போய்ப் பொண்ணுக்குச் சம்மதம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

"நான் சொன்னத மட்டும் சொல்லுங்க மாமா."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் சொல்லல."

"அத எப்படிம்மா சொல்றது? நல்ல வார்த்தையா ஏதாச்சும்..."

"இன்னும் சொல்லலன்னே சொல்லுங்க" என்றேன். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.