வயலில் இறங்கிய வாத்துகள்

சதுப்புநிலச் சரணாலயத்தில் மதகைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வரும் வாத்துகளுக்கு ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். பதினொரு வருடமாக அந்த அளவு தப்பியதில்லை.

இந்த வருடம், முதல் கூட்டம் வந்து இறங்கிய மறுநாள் காலை, மதகின் திருகுக் கம்பி முறிந்துவிட்டது. மதகுப் பலகை பாதி திறந்தபடி மாட்டிக்கொள்ள, ஏரித் தண்ணீர் ஆற்றைப் பார்த்து ஓடத் தொடங்கியது. மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தாள். தண்ணீர் மூட்டைகளையே உருட்டிக்கொண்டு போயிற்று. புதுக் கம்பி வர நான்கு நாளாகும் என்று பட்டறைக்காரர் போனில் கையை விரித்தார். அடுத்த நாள் மதியம் ஏரி வெறும் சேறு. நெஞ்செலும்பு தெரிய இளைத்து வந்திருந்த வாத்துகள் நூற்றுக்கணக்கில் வானத்தில் வட்டமடித்தன.

கரைக்கு அந்தப் பக்கத்து விவசாயிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘மனு’. வாத்துகள் பயிரை மேய்கின்றன என்று வருடம் தவறாமல் சரணாலயத்துக்கு மனு எழுதுவார். அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரே மண்வெட்டியோடு கரையேறி வருவதைப் பார்த்ததும், சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தாள்.

“ஏம்மா, ஏரி என்ன ஆச்சு?”

“மதகு உடைஞ்சுடுச்சுண்ணே. சரிபண்ண நாலு நாளாகும். அதுவரைக்கும் இதுங்க தாங்காது. வேற தண்ணி தேடிப் போனா வழியிலயே விழுந்துடும்.”

அவர் அண்ணாந்து பார்த்தார். “அறுப்பு முடிஞ்ச நிலம் மூணு ஏக்கர் சும்மாதான் கிடக்கு. ரெண்டு மோட்டாரையும் போட்டுத் தண்ணி கட்டிவிடவா?”

அவளுக்குக் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். “உங்களுக்குத்தான் வாத்துன்னா ஆகாதேண்ணே?”

“பயிரைத் தின்னா ஆகாது. அதுக்காகச் சாகட்டும்னா சொன்னேன்? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காம வா, வரப்பை உசத்தணும்.”

அவரும் அவர் மனைவியும் அவளுமாக இருட்டும்வரை மண்ணை வெட்டிப் போட்டார்கள். விடிந்தபோது வயலெங்கும் கணுக்கால் தண்ணீர். முதலில் ஒற்றை வாத்து தயங்கித் தயங்கி இறங்கியது. பிறகு கூட்டமே சரசரவென்று வந்து விழுந்து, சிந்திய தானியத்தைத் தேடி மூக்கை நுழைத்தது. அவள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஐந்தாம் நாள் மதகு சரியானது. ஏரி மெல்ல நிறைய, வாத்துகளும் திரும்பின. நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனாள். சேறு காய்ந்திருந்த அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“விடும்மா,” என்று கூச்சத்தோடு கையை உருவிக்கொண்டார். “அந்த நீள வால் வாத்துக்கு என்ன பேரு?”

“ஊசிவால் வாத்துண்ணே.”

“நாலு நாளா இவருக்குச் சோறு தண்ணியே நினைப்பில்ல,” என்று உள்ளேயிருந்து மனைவி சிரித்தார். “ஜன்னல்தான் கதி!”

அவள் தன் கழுத்திலிருந்த தொலைநோக்கியைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள். அவர் அதை ஏரிப்பக்கம் திருப்பி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.